ஜிஞ்சர் பியர் டொக்டர்

டொக்டரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்கு முன்னால் வருவது ஒரு ஜிஞ்சர் பியர் போத்தல். கொழும்பில் அவர் கால் வைக்காத தவறணை இல்லை என்று சொல்லுவார்கள். பொய்யில்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காலில் இரப்பர் செருப்பு, கையில் ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. இந்தக் கோலத்தில் ஒரு பொம்பிளை சாராயக் கடைக்குள் விறுவிறென்று போய், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒரு ஜிஞ்சர் பியர் கொண்டுவரச் சொன்னால் அங்கிருக்கிற ஆம்பிளைகள் என்ன செய்வார்கள்? எழும்பி நிற்பார்கள். கிளாசை மேசைக்குக் கீழே ஒளிப்பார்கள். ஒருவர் பதற்றத்தில் கிளாசைச் சாராயத்தோடு சேட்டுப் பொக்கற்றுக்குள் இறக்கிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அதை மட்டும் நான் நம்புவதில்லை.

அவர் மனநல வைத்தியர். அதிலும் குடி, கசிப்பு, தூள் என்று போதையில் விழுந்தவர்களுக்குத்தான் வைத்தியம். இங்கிலாந்தில் படித்துவிட்டு, சனமெல்லாம் நாட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்த சண்டைக் காலத்தில் திரும்பி வந்தவர். கூடப் படித்தவர்கள் இருதயம், மூளை என்று பெரிய பெரிய உறுப்புகளாகப் பிடித்துக்கொள்ள, இவர் குடிகாரரைப் பிடித்துக்கொண்டார். தகப்பன் குடிகாரனாக இருந்திருப்பார், அதுதான் இந்த வைராக்கியம் என்று ஊர் ஒரு கதை கட்டியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன், நேரே கேட்டுவிட்டேன். அவருடைய தகப்பன் தேத்தண்ணியைக் கூட ஆறவைத்துக் குடிக்கிற மனுசனாம்.

"எனக்குப் பொய் கேக்க விருப்பம், தங்கச்சி. குடிகாரனைப் போல வடிவாய்ப் பொய் சொல்லுறவன் உலகத்தில இல்லை," என்றார்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த விதமும் ஒரு கூத்து. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில் என் மனுசன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். வெளிநாடு போவதற்காக வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் காத்துக்கிடந்த சனம் ஒழுங்கை முழுக்க. ஆகவே பாஸ்போர்ட் படத்துக்குக் குறைவில்லை. ஆர் வந்தாலும் முதலில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நூலில் கட்டித் தொங்குகிற சீப்பால் தலை வாரவேண்டும். பிறகு ஸ்டூலில் இருக்கவேண்டும். என் மனுசன் கமெராவுக்குப் பின்னால் நின்று தன் ஒரே வசனத்தைச் சொல்லுவார்: "தாடையைக் கொஞ்சம் தூக்குங்கோ." மந்திரி வந்தாலும் அதுதான், மீன்காரர் வந்தாலும் அதுதான்.

பின்பக்கம் பனிமலையும் ஏரியும் படமாகக் கீறின பெரிய திரை ஒன்று தொங்கும். கலியாணச் சோடிகளை அதற்கு முன்னால்தான் நிறுத்துவோம். திரைக்குப் பின்னால் ஒரு கதவு, அதற்கு அப்பால் உடைந்த கதிரைகள் போட்டுவைத்த ஒரு அறை. ஒருநாள் டொக்டர் வந்து திரையைத் தூக்கிப் பார்த்தார், கதவைத் திறந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. வாடகைக்குத் தரச்சொல்லிக் கேட்டார். போர்ட் ஒன்றும் போடமாட்டாராம். பைத்தியக்கார டொக்டர் என்று போர்ட் போட்டால் ஒரு காக்காயும் வராது, ஆனால் படம் எடுக்கப் போவதற்கு இந்த ஊரில் எவனும் வெட்கப்படமாட்டான் என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, மூளைசாலி. பின்னேரமானால் ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒழுங்கை பார்க்கவேண்டுமே என்பதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வடிவாகத் தலை வாருவார்கள், கொலரை இழுத்துவிடுவார்கள். பிறகு பனிமலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் மறைந்துபோவார்கள். என் மனுசனுக்கு அதைப் பார்க்கச் சிரிப்புத் தாங்காது. "அவ உள்ள ஈரலைத்தான் பார்க்கப்போறா, இவர் உச்சி பிரிக்கிறார்," என்று எனக்குக் காதுக்குள் சொல்லுவார்.

சொல்லுகிறவர் யார்? அவரே பெருங்குடிகாரர். இதில் இனி ஒளிக்க என்ன இருக்கிறது! காலையில் எழும்பினால் கை ரெண்டும் நடுங்கும். போட்டோ கழுவுகிற இருட்டறையில், மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் சாராயப் போத்தலும் நிற்கும். ஒரு மிடறு இறங்கினால்தான் கை நிற்கும், கை நின்றால்தான் கமெரா நிற்கும். என்றைக்கு எந்தப் போத்தலைத் தூக்கி வாயில் வைக்கப்போகிறாரோ என்று எனக்கு நெஞ்சு பதைக்கும். ஒரு கலியாணத்தில் தாலி கட்டுகிற படம் முழுக்க அசைந்துபோய், மாப்பிள்ளைக்கு நாலு கை. பெண்வீட்டார் வந்து நின்று அழுதார்கள். இன்னொருக்கால் கட்டுங்கோ என்று கேட்கவா முடியும்?

குடிப்பதைத் தவிர அவரிடம் ஒரு குறை சொல்லமாட்டேன். கைநீட்டினதில்லை, கூடாத வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். கெட்ட மனுசன் என்றால் விட்டுவிட்டுப் போகலாம். நல்ல மனுசன் கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுசன் ஒருநாள் அந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகவேண்டும். எட்டு அடி கூட இராது. அவர் போகமாட்டார். தனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, கை நடுங்குகிறது நரம்புத் தளர்ச்சி, தாய்வழியில் எல்லோருக்கும் இருக்கிறது என்பார்.

டொக்டரோ வராத நோயாளிகளைத் தேடி ஊரெல்லாம் அலைகிறவர். அவருடைய வைத்தியத்தில் பாதி அதுதான். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒரு மலைநாட்டு ஆள், "திங்கக்கிழமை வர்றேம்மா," என்று சொல்லிவிட்டு வரவில்லை. டொக்டர் குடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வழியில் செக்பொயின்ட். பஸ்ஸிலிருந்து இறக்கி எங்கே போகிறாய் என்று கேட்கிறான் ஆமிக்காரன். நாங்கள் என்றால் கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று பம்முவோம். இவர் சிங்களத்தில் தெளிவாக, தவறணைக்குப் போகிறேன் என்றார். அவன் ஐ.சி. என்கிற அடையாள அட்டையைக்கூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டானாம்.

போய் அந்த ஆளுக்கு எதிரே இருந்து ஜிஞ்சர் பியர் குடித்தார். குடிக்காதே என்று ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, முதுகு நோவு எப்படி என்று விசாரித்துவிட்டு, கடைசியில், திங்கட்கிழமை வாறன் என்று சொன்னீர்கள், எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் கேட்டார். தவறணைக்காரர் ஓடிவந்து, நோனா, நீங்கள் இருந்தால் வியாபாரம் படுத்துவிடும், ஜிஞ்சர் பியர் என் செலவு, தயவுசெய்து எழும்புங்கள் என்று கும்பிட்டாராம். அந்த ஆள் அடுத்த நாளே வந்தார், தலை வாரிக்கொண்டு.

இன்னொன்று, பௌர்ணமிப் போயா நாளில் நாடு முழுக்கச் சாராயக் கடைகள் பூட்டு. மற்ற டொக்டர்கள் அன்றைக்கு வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்க, இவர் அன்றைக்குத்தான் காலையிலேயே அறையைத் திறந்துவைப்பார். வாங்கிவைத்தது முடிந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் காது கேட்கும் என்பது அவருடைய கணக்கு.

எனக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. ஒருநாள் பிடித்துக் கேட்டேன். கொட்டாஞ்சேனை வரைக்கும் போய்த் தேடுகிறீர்கள், திரைக்கு முன்னால் நிற்கிற என் மனுசனை ஒரு வார்த்தை கேட்கிறீர்களில்லையே என்றேன். ஆத்திரத்தில் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"அவர் என்னட்டை வாறன் எண்டு சொல்லேல்லை, தங்கச்சி," என்றார். "வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராத ஆளைத்தான் நான் தேடிப் போறது. சொல்லாத ஆளைத் தேடிப் போனா நான் பொலிஸ்காரி."

குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு, அந்தப் பேச்சை நம்பியா அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

"விடிஞ்சாப் போகட்டும். பின்னேரம் நான் போய் ஞாபகப்படுத்துறன்," என்றார் டொக்டர்.

அவருடைய குணம் முழுக்க அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. மற்றவர்கள் குடிகாரனுடைய வாக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். இவர் அதைப் பத்திரம் எழுதினதைப் போல எடுத்துக்கொள்வார்.

இனித்தான் வங்கிக்காரர் கதை. டொக்டரிடம் கிழமைக்குக் கிழமை வருகிற ஒரு வங்கி அதிகாரி, பயந்த சுபாவம். இவர் அடிக்கடி ஸ்டூடியோவுக்குள் போய்வருவதைப் பார்த்து, எதிர்வீட்டு மாமி ஆள் கனடாவுக்குப் போகப்போகிறார் என்று முடிவுகட்டிவிட்டார். அந்த நாளில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன் வேறு எதற்கு எடுப்பான்! மாமி ஒரு பார்சலோடு வந்து அவரை மறித்தார். வேப்பம்பூ வடகம், வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், டொரண்டோவில் இருக்கிற மகளுக்கு. இல்லை என்றால் பிறகு எதற்கு இங்கே வருகிறீர் என்று கேட்பாரே என்ற பயத்தில் வங்கிக்காரர் அதை வாங்கிக்கொண்டு போய்த் தபாலில் போட்டுவிட்டார்.

பார்சல் போய்ச் சேர்ந்தது. மகள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். ஆனால் வங்கிக்காரர் வழமை போல ஸ்டூடியோவில் நின்று தலை வாருகிறார்! மாமி மலைத்துப்போனார். அப்படியென்றால் இவர் கனடா போய் வடகத்தைக் கொடுத்துவிட்டு ஒரு மாதத்துக்குள் திரும்பிவிட்டாரா? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிகளில், போகவும் விட்டு வரவும் விடுகிற ஏஜென்சியா இது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒழுங்கை முழுக்கக் கதை பரவி, ஆரோ ஒரு புண்ணியவான், இங்கே கள்ளமாக ஆள் அனுப்புகிறார்கள் என்று பொலிசுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டான்.

ஒரு பின்னேரம் இன்ஸ்பெக்டரும் நாலைந்து பொலிசும் உள்ளே வந்தார்கள். நேரே திரையைத் தூக்கினார்கள். பின்னால் வாங்குப் பலகையில் ஆறேழு ஆம்பிளைகள், வங்கிக்காரர் உட்பட. எல்லோருடைய ஐ.சி.யும் இன்ஸ்பெக்டரின் கைக்குப் போனது. பிறந்த இடம் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம், பருத்தித்துறை. அந்த நாளில் அதற்கு மேல் குற்றம் ஒன்றும் தேவையில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று எவருக்கும் தெரியாது.

டொக்டர் வெளியே வந்து, தான் ஆஸ்பத்திரி டொக்டர், இவர்கள் தன்னுடைய நோயாளிகள் என்று தன் அட்டையைக் காட்டினார். என்ன நோய் என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். அதைச் சொல்லமாட்டேன் என்றார் டொக்டர். சொல்லாவிட்டால் எல்லோரும் ஜீப்பில் ஏறட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அப்படியென்றால் முதலில் நான் ஏறுகிறேன் என்று டொக்டர் குடையைக் கையில் எடுத்துவிட்டார். வாங்கில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் தப்பலாம். ஆனால் வாசலில் மாமியோடு ஒழுங்கையே திரண்டு நிற்கிறது. வேலை, பெண்சாதி வீடு, மகளின் சம்பந்தம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

அப்போது கமெராவுக்குப் பின்னால் நின்ற என் மனுசன் முன்னுக்கு வந்தார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும்.

"மாத்தயா, இது குடிகாரருக்கு மருந்து குடுக்கிற இடம்," என்றார். "மற்றவையைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் குடிகாரன். நான் இவவின்ர பேஷண்ட்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். அவை நடுங்கின நடுக்கத்தை வாசலில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் கண்டிருப்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது கூடுதல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கையைப் பார்த்தார். கிட்ட வந்து மணந்து பார்த்தார். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, நோனா, உங்களிடம் மருந்து எடுக்கிற ஆளே இப்படி மணக்கிறார் என்றால் நீங்கள் என்ன வைத்தியம் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"இவர் புது ஆள்," என்றார் டொக்டர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். ஐ.சி.களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். மாமி மெல்ல உள்ளே வந்து வங்கிக்காரரைப் பார்த்து, அப்போ நீர் கனடா போகவில்லையா என்று கேட்டார். இல்லை மாமி, வடகம் தபாலில் போனது என்றார் அவர். "அப்ப தபாலே போதுமே. நான் ஏன் வாற போற ஆக்களை மறிக்கிறன்," என்றுவிட்டு மாமி போனார். அன்றைக்குப் பிறகு ஒழுங்கைக்கு எல்லாம் தெரியும். ஆனால் எல்லோரும் தெரியாதது போல நடந்துகொண்டார்கள். எங்கள் சனத்திடம் அந்தப் பெருந்தன்மையும் உண்டு.

வாசல் வெறிச்சோடின பிறகு டொக்டர் என் மனுசனிடம், திங்கட்கிழமை வாங்கோ என்றார். ஓம், ஓம், வாறன் என்றார் இவர், டொக்டரை அனுப்பினால் போதும் என்கிற மாதிரி. எனக்கு அந்த 'வாறன்' காதில் தேனாய் விழுந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் ஆளைக் காணவில்லை. இருட்டறையில் இல்லை, வீட்டிலும் இல்லை. டொக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார், கையில் குடை.

"எந்தத் தவறணை, தங்கச்சி?"

தெஹிவளைப் பக்கம் என்றேன். நானும் வருகிறேன் என்று கடையைப் பூட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். என் சீவியத்தில் ஒரு தவறணைக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஆம்பிளைகள் எழும்பி நின்றார்கள். என் மனுசன் மட்டும் எழும்பவில்லை. என்னைக் கண்ட அதிர்ச்சியில் கால் வரவில்லை என்று பிறகு சொன்னார். டொக்டர் அவருக்கு எதிரே இருந்து, எனக்கும் சேர்த்து இரண்டு ஜிஞ்சர் பியர் கொண்டுவரச் சொன்னார். கடவுளே, என்ன காரம் அது, எனக்குக் கண்ணால் தண்ணி வந்துவிட்டது. காரத்தால் மட்டும் வந்ததென்று நினையாதீர்கள்.

"டொக்டர், அது அண்டைக்குப் பொலிசுக்குச் சொன்ன பொய்," என்றார் இவர் தலையைக் குனிந்துகொண்டு. "அந்த ஆக்களைக் காப்பாத்தச் சொன்னது."

"தெரியும்," என்றார் டொக்டர். "என்னட்டை வாற எல்லாரும் ஒரு பொய்யோடதான் வாறவை. மற்ற எல்லாரும் 'நான் குடிக்கிறேல்லை' எண்டு பொய் சொல்லிக்கொண்டு வந்தவை. 'நான் குடிகாரன்' எண்டு பொய் சொன்னது நீங்கள் ஒரு ஆள்தான்."

என் மனுசன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வாய் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல்தரம்.

இப்போதே விட்டுவிடுகிறேன் டொக்டர் என்றார் பிறகு. டொக்டர் கையை உயர்த்தி மறித்தார். ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது, வலிப்பு வரும், என்னைக் கேட்காமல் விடக்கூடாது, ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் படுக்கவேண்டி வரும் என்றார். இன்றைக்கு விடாதே என்று சொல்லிச் சத்தியம் வாங்கின டொக்டரை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? "வியாழக்கிழமை வாங்கோ. குடிச்சாலும் வாங்கோ. எனக்குத் திருப்பியும் தெஹிவளை வரைக்கும் நடக்க ஏலாது," என்றார்.

ஒரே நாளில் எல்லாம் சரிவந்தது என்று சொன்னால் நான் பொய்காரி. இரண்டு தரம் திரும்ப விழுந்தார். இரண்டு தரமும் டொக்டர் குடையோடு போனார், நானும் போனேன். ஜிஞ்சர் பியர் எனக்குப் பழகிவிட்டது. கடைசியில் கை நின்றது. அந்தக் கையால் அவர் பிறகு எத்தனையோ தாலிகளை அசையாமல் எடுத்தார். டொக்டர் இப்போது அவுஸ்திரேலியாவில் தங்கையோடு இருக்கிறார். தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி, எங்கே அந்தப் புது ஆள் என்பதுதான்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த வியாழக்கிழமை. திரைக்குப் பின்னால் டொக்டர் காத்திருக்கிறார். என் மனுசன் கமெராவைத் துணியால் மூடினார். பனிமலைக்குக் கிட்டப் போனார். பிறகு திரும்பி வந்து, தன் சொந்தக் கடையில், தன் சொந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நூலில் தொங்குகிற அந்தச் சீப்பை எடுத்து, நடுங்குகிற கையால் உச்சி பிரித்துத் தலை வாரினார். எத்தனை பேரைப் பார்த்து நக்கலடித்த மனுசன்! எனக்குச் சிரிப்பு வந்தது. எழும்பிப் போய்க் கொலரை இழுத்துவிட்டேன்.

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்கோ," என்றேன்.

தூக்கினார். திரையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.